‘அதேதான்’ பொத்தான்

பம்பரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் அச்சடித்தும் இருக்கிறது. ஆனால் அவர் நடக்கிற வேகத்துக்கு அந்த அட்டை எப்போதும் திரும்பியே தொங்கும், ஒருவரும் படித்ததில்லை. முதல் மாடியில் கணினிப் பிரிவில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய பைதான் உட்கார்ந்திருக்கும். அவர் நின்றுகொண்டே தட்டுவார், நின்றுகொண்டே டீ குடிப்பார், பாதிப் பேச்சில் கிளம்பிப் போய்விடுவார். பேசிக்கொண்டிருந்தவர் மீதியைச் சுவரிடம் சொல்லி முடிக்க வேண்டியதுதான்.

பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில், கீழே மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர்தான் அவர். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளியதை வாசித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒரு நாள் ஒரு பெரியவர் திரும்பி வந்து, “தம்பி, எப்பவும் வெள்ளையாதானே குடுப்பீங்க, இது என்ன மஞ்சளா இருக்கு?” என்று கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தால், ஒரு சுழியைத் தப்பாகப் படித்து, வேறு வியாதிக்கான மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். பெரியவர் இன்னும் விழுங்கவில்லை. விழுங்கியிருந்தால்? இந்த ‘விழுங்கியிருந்தால்’தான் அவரை நாற்காலியை விட்டுக் கிளப்பியது. ஆஸ்பத்திரிக்குக் கணினி வருகிறது என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றார். எழுத்துகள் அச்சாகத் தெரிந்தால் யாருக்கும் கண் தப்பாது, யாரும் தப்பாக விழுங்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. ராப்பகலாகப் படித்தார், தேறினார், மேலே ஏறினார். நோயாளியின் மணிக்கட்டில் கோடுகள் போட்ட பிளாஸ்டிக் பட்டை கட்டி, ஊசி போடுவதற்கு முன் அதைக் கருவியால் வாசிக்கிற முறையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும் என்று வார்டு வார்டாகப் போய்க் கட்டிக் காட்டினார். நல்ல மனுஷன், சந்தேகமே இல்லை. நல்ல மனுஷர்கள் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் இனிமேல் கதை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதய நோய் வார்டின் மூத்த நர்ஸ் நேராக அவர் மேஜைக்கு வந்து நின்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நாங்க நோயாளியப் பாக்கறதா, உங்க பெட்டியப் பாக்கறதா?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காலை ஏழு மணிக்கு வேலை மாறுவதற்குள் இருபத்தெட்டு நோயாளிகளுக்கும் திரையில் விவரம் ஏற்ற வேண்டும். என்ன உணவு, யார் துணை இல்லாமல் நடக்கிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எடை எவ்வளவு என்று ஒருவருக்குப் பத்தொன்பது கேள்விகள். இருப்பது இரண்டு நர்ஸ்கள். முக்கால்வாசிக் கேள்விகளுக்கு நேற்றுச் சொன்ன பதில்தான் இன்றைக்கும். அதை மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பைத்தியம் பிடிக்காது?

பம்பரம் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பொத்தான் செய்துவிட்டார். அமுக்கினால் நேற்றைய பதில்கள் எல்லாம் இன்றைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டதற்கு மூத்த நர்ஸ், “நாங்க சொல்றதையே வைங்கண்ணே. ‘அதேதான்’” என்றார். அப்படியே வைத்தார். ஆஸ்பத்திரியே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நிர்வாகம் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தது. மேஜைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு இடம் அவருக்கு அப்போதே உறுத்தியது. எடை. அதுவும் அந்தப் பத்தொன்பதில் ஒன்றாக அதே திரையில் இருந்தது. உணவு நேற்றுப் போலவே இருக்கலாம், எடை இருக்குமா? அதனால் ஒரு பூட்டு போட்டிருந்தார். இரண்டு நாள் தொடர்ந்து அதே எடை வந்தால், மூன்றாம் நாள் பொத்தான் வேலை செய்யாது, ‘எடை பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று திரை அடம் பிடிக்கும். ஒரு மாதம் ஆனது. எல்லா வார்டிலிருந்தும் தொலைபேசி. “அண்ணே, பொத்தான் மக்கர் பண்ணுது.” மக்கர் பண்ணவில்லை, பூட்டுதான் அது என்று எத்தனை பேருக்கு விளக்குவார்? வேறு பிரிவில் ஏதோ திரை நின்றுபோய், ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நின்றவாக்கில், ஐந்தே நிமிஷத்தில் பூட்டை எடுத்துவிட்டார். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்: ‘பூட்டு எடுத்தாயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம்.’

இப்போது அக்காவுக்கு வருவோம். பம்பரத்துக்கு ஒரே ஒரு அக்கா, பதினான்கு வயது பெரியவள். அம்மா போன பிறகு அவரைக் குளிப்பாட்டி, தலை சீவி, அடித்து, கொஞ்சி ஆளாக்கியவள் அவள்தான். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை பார்த்தாள். அதனாலோ என்னவோ, எதையும் நேரத்துக்குச் செய்துவிட வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவது உள்பட. இதயம் பலவீனமாகி, உடம்பில் நீர் சேர்ந்து, மூச்சு வாங்கி, தம்பி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தாள். இந்த நோய்க்கு எடைதான் எல்லாம். நீர் வடிந்தால் எடை இறங்கும், நீர் கட்டினால் எடை ஏறும். டாக்டர் தினமும் திரையில் அந்த எடைக் கோட்டைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

எட்டாம் நாள் காலை, அக்கா வீட்டுக்குப் போகும் நாள். பத்து மணிக்கு டாக்டர் வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. எட்டு மணிக்கே பம்பரம் அவள் துணிப்பையோடு வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்.

“டேய், ஒரு இடத்துல நில்லுடா. உன்னப் பாத்தா எனக்குத்தான் தலை சுத்துது.”

“ராத்திரி தூங்கினியாக்கா?”

“ஜம்முனு தூங்கினேன். மூணு தலையணை இருக்கே, எனக்கென்ன கொறைச்சல்?”

“மூணா? வார்டுல ரெண்டுதானே குடுப்பாங்க?”

“பக்கத்துக் கட்டில்ல தையல்காரம்மா இருந்தாள்ல, அவ வீட்டுலேருந்து கொண்டாந்தது, போறப்ப குடுத்துட்டுப் போனா. ‘எனக்குத்தான் எடை ஒரு துளிகூட ஏறல, வீட்டுக்கு விட்டுட்டாங்க, நீங்க வச்சுக்குங்க’ன்னா. முந்தாநாள் போனா. நல்ல பொம்பள. எனக்கு ஜாக்கெட் தெச்சுத் தர்றேன்னிருக்கா.”

பம்பரத்தின் கால் நின்றது. வீட்டில் ஒற்றைத் தலையணையையும் தள்ளிவிட்டுத் தூங்குகிறவள் அக்கா. மூன்று எதற்கு?

“ஏன்க்கா, படுத்தா மூச்சு முட்டுதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. தலையணை சப்பையா இருக்கு, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட எதையாவது ஒளறி வைக்காத. இன்னைக்கு நான் வீட்டுக்குப் போயே ஆகணும்.”

சொல்லிக்கொண்டே அக்கா மணிக்கட்டைச் சொறிந்தாள். சொறிந்த இடம் அந்தப் பிளாஸ்டிக் பட்டை. பம்பரம் அவள் கையைப் பிடித்துத் தன் இரண்டு விரலைப் பட்டைக்கு அடியில் விடப் பார்த்தார், போகவில்லை. ஒரு விரலை விடப் பார்த்தார், அதுவும் போகவில்லை. பட்டை சதையில் பதிந்து ஓரமெல்லாம் சிவந்திருந்தது. சேர்ந்த அன்று அவரேதான் கட்டினார், இரண்டு விரல் தாராளமாகப் போனது. ஊசிக் குழாய் இருந்தது மற்றக் கையில், அதனால் வந்த வீக்கம் என்றும் சொல்ல முடியாது.

வார்டு மேஜைத் திரையில் அக்காவின் பக்கத்தைத் திறந்தார். முதல் நாள் அறுபத்தொன்று புள்ளி ஒன்பது. இரண்டாம் நாள் அறுபது புள்ளி ஒன்று. மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு. நான்காம் நாள் ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு எல்லாம் ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு. கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போலக் கிடந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் கால் கிலோ ஏறுகிற உடம்பு இது. ஆறு நாள் ஒரு புள்ளி அசையாத எடை உயிரோடு இருக்கிற எவருக்கும் கிடையாது. அந்தக் கோட்டை நம்பித்தான் ஐந்தாம் நாள் நீர் பிரிக்கிற ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள்.

“சிஸ்டர், காலைல அக்காவுக்கு எடை பாத்தீங்களா?”

வேலையில் இருந்த நர்ஸ் தலையைத் தூக்காமலேயே, “‘அதேதான்’ போட்டேண்ணே” என்றார்.

“ஏன்?”

“எடை மெஷின் இங்க எங்கண்ணே இருக்கு? கீழ குழந்தைங்க வார்டுல கெடக்கு. ரெண்டு வார்டுக்கும் சேத்து அது ஒண்ணுதான். சக்கரம் ஒடஞ்சு ஆறு மாசம் ஆச்சு, ரெண்டு பேர் தூக்கினாத்தான் நகரும். புதுசா வர்றவங்களை மட்டும் ரெண்டு மூணு நாள் கீழ கூட்டிட்டுப் போய்ப் பாத்துருவோம். நாங்க இருக்கறதே ரெண்டு பேரு. நாங்க அதத் தூக்கப் போனா இந்த இருபத்தெட்டு பேரை யாருண்ணே பாக்கறது?”

ஆறு மாசம்! எல்லா வார்டின் எல்லா எண்ணும் அவர் திரையில் தினமும் ஓடுகிறது. ஒரு சக்கரம் உடைந்தது மட்டும் அதில் வரவில்லை. நர்ஸ்கள் எடை பார்க்கிற ஆறு மணிக்கு அவர் இந்த வார்டுப் பக்கம் வந்ததே கிடையாது.

மணி எட்டே முக்கால். பம்பரம் கீழே ஓடினார். மெஷின் ஒரு மூலையில், மேலே மடித்த போர்வைகளோடு, அலமாரி மாதிரி நின்றது. போர்வைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், ஒற்றை ஆளாக மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்தார். நடுவில் ஒரு தடவை மெஷின் முழங்காலில் இடித்தது. வலித்ததா என்று அவருக்கே தெரியாது. மேலே வந்து சேர்ந்தபோது சட்டையைப் பிழியலாம் போலிருந்தது.

அக்கா எரிந்து விழுந்தாள்.

“வீட்டுக்குப் போற நேரத்துல என்னடா நிறுவை? நான் என்ன வெங்காயமா?”

“ஏறுக்கா.”

“ஏற மாட்டேன்.”

“அக்கா, உன் காலைப் பிடிக்கறேன். ஒரே ஒரு தடவை ஏறு.”

தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா ஏறினாள். எண்கள் அலைந்து, அலைந்து, நின்றன. அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது.

“மெஷின் பொய் சொல்லுது,” என்றாள் அக்கா. பம்பரத்துக்கும் அந்த ஆசை இருந்தது. அவளை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தார். அவருடைய வழக்கமான எடையையே சரியாகக் காட்டியது. நான்கு கிலோவுக்கு மேல் நீரைச் சுமந்துகொண்டு, ஜம்முனு தூங்கினேன் என்று புளுகிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறாள் இவள். அவள் வீடோ மூன்றாவது மாடி. படி ஏறினால் பாதி வழியிலேயே மூச்சு நின்றுபோகும். பம்பரம் துணிப்பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார், கையில் அச்சடித்த வீட்டுக்கு அனுப்பும் தாளோடு. பம்பரம் அவர் முன்னால் போய் நின்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் அக்காவைத் திருப்பி உட்கார வைத்து முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், இடுப்பின் கீழ்ப்பக்கத்தில் விரலால் அமுக்கினார். குழி விழுந்தது, உடனே எழும்பவில்லை. படுத்தே இருக்கிறவளுக்குக் கால் வீங்காமல் நீர் முதுகுக்கு வந்திருந்தது. கையிலிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் போட்டார்.

“ஊசி ஆரம்பிங்க, இப்பவே,” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் பம்பரத்தின் பக்கம் திரும்பினார். “தினமும் அந்தக் கோட்டப் பாத்துத்தானே நான் மருந்து முடிவு பண்றேன்! அஞ்சு நாளாப் பொய் எண்ணா? யார் போட்டது இத?”

நர்ஸ் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே பம்பரத்தைப் பார்த்தார். யார் எந்த நாளில் அமுக்கினார்கள் என்று பம்பரத்தின் பெட்டியில் நிமிஷக் கணக்கோடு இருக்கிறது. ஐந்து நாளில் நான்கு பேர். அதில் முதல் பெயர், மூன்று வருஷத்துக்கு முன் வந்து நியாயம் கேட்ட அதே மூத்த நர்ஸ். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பம்பரத்தின் தலை தப்பிவிடும்.

“பொத்தான் நான் செஞ்சது டாக்டர். பூட்டு ஒண்ணு போட்டிருந்தேன். எடுத்ததும் நான்தான்.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“அவசரத்துல.”

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். திட்டியிருந்தால்கூடப் பம்பரம் தாங்கியிருப்பார்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். மணி அடித்தும் வகுப்பை விடாதது போல அவளுக்கு அவமானமாக இருந்தது. பம்பரத்துக்கு அவளைத் தேற்ற நேரமில்லை, மனசுக்குள் வேறு ஒன்று குடைந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஒரு தம்பி இருந்தான், பட்டையைப் பார்த்தான். மற்றவர்களுக்கு? வார்டு மேஜைத் திரையில் ஒரே ஒரு கேள்வி தட்டினார்: மூன்று நாளுக்கு மேல் எடை அசையாத இதய நோயாளிகள் யார் யார்?

பன்னிரண்டு பேர். பதினோரு பேர் உள்ளே இருந்தார்கள். பன்னிரண்டாவது பெயருக்கு எதிரே ‘வீட்டுக்கு அனுப்பப்பட்டார்’ என்று இருந்தது. முந்தாநாள், பக்கத்துக் கட்டில்.

தையல்காரம்மா.

எடை ஒரு துளிகூட ஏறல என்று சந்தோஷமாகத் தலையணையைக் கொடுத்துவிட்டுப் போனவள். எண்ணை எடுத்து வார்டுத் தொலைபேசியில் சுழற்றினார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு மறுபடி போட்டார். அந்த அரை நிமிஷத்தில் தொலைபேசிக் கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் நடந்தார். கடைசியில் ஒரு ஆண் குரல் எடுத்தது, அவளுடைய கணவர்.

“ஆஸ்பத்திரிலேருந்து பேசறேங்க. அம்மா எப்படி இருக்காங்க?”

“தூங்கறாங்க. ரெண்டு நாளா நாற்காலில உக்காந்துதான் தூங்கறா. படுத்தா முடியலங்கறா. வெயிலுக்குத்தான்னு நெனச்சேன்.”

“எழுப்புங்க. இப்பவே எழுப்புங்க. பதில் சொல்றாங்களா?”

குரல் விலகியது. யாரையோ கூப்பிடுவது கேட்டது, ஒரு தடவை, இரண்டு தடவை. அக்கா சுவரிலிருந்து திரும்பி அவரையே பார்த்தாள்.

“கண்ணத் தொறந்தா,” என்றது குரல். “ஆனா பேச மாட்டேங்கறா. மூச்சு ஒரு மாதிரி... ஐயா, என்னய்யா இது? எல்லாம் சரியாயிருச்சுன்னு டாக்டர்தானே சொல்லி அனுப்பினாங்க?”

“டாக்டர் இல்லீங்க,” என்றார் பம்பரம். “அந்த எடையச் சொன்னது நான். தப்பாச் சொல்லிட்டேன். வண்டி அனுப்பறேன். அவங்களப் படுக்க வைக்காதீங்க, அப்படியே உக்காந்திருக்கட்டும். வீட்டு அடையாளம் சொல்லுங்க.”

வண்டி போனது. மற்றப் பதினோரு பேரையும் நர்ஸும் அவரும் ஒவ்வொருவராக மெஷினில் ஏற்றினார்கள். எட்டுப் பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்று பேருக்கு எடை நிறைய ஏறியிருந்தது, டாக்டர் அங்கேயே நின்று மருந்து மாற்றினார். நடுவில் பம்பரம் திரைக்குப் போய், யாரையும் கேட்காமல், எடையிலிருந்து ‘அதேதான்’ பொத்தானைப் பிடுங்கி எறிந்தார்.

“நாளைக்குக் காலைல எப்படிண்ணே முடிப்போம்?” என்றார் நர்ஸ், அழுகிற குரலில்.

“ஆறு மணிக்கு நான் வந்து மெஷினைப் பிடிக்கறேன். சக்கரம் போடற வரைக்கும் தினமும் வர்றேன்.”

நர்ஸுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

அக்காவுக்கு ஊசி ஏறி, இரண்டு தடவை சிறுநீர்ப் பாத்திரம் வைத்தாகிவிட்டது. மூச்சு வாங்குவது கொஞ்சம் தணிந்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மூன்றாவது தலையணையை இழுத்து நீட்டினாள்.

“இத எடுத்துட்டுப் போ.”

“உனக்கு வேணுமேக்கா.”

“எனக்கு ஊசி போட்டாச்சுல்ல? அவ இதக் குடுத்துட்டுப் போய் நாற்காலில உக்காந்திருக்கா, பாவி மக. போடா.”

பம்பரம் தலையணையோடு படியிறங்கி வாசலுக்கு வந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நடந்தார், திரும்பினார், நடந்தார். வண்டி போய் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அப்புறம் இருபத்தைந்து. விழுங்கியிருந்தால் என்று அன்றைக்குப் பயந்தது வெறும் பயம். இன்றைக்கு ஒருத்தி விழுங்கியே விட்டாள், அவர் கொடுத்த எண்ணை நம்பி.

வண்டி வந்து கதவு திறந்தது. தையல்காரம்மா தள்ளுகட்டிலில் உட்கார்ந்த வாக்கில் இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, மூக்கில் குழாய், மூச்சு ரம்பம் அறுப்பது போல் இழுத்தது. கண் திறந்திருந்தது. கூட வந்த கணவர் இறங்கிப் பம்பரத்தைப் பார்த்தார்.

“போன்ல பேசினது நீங்களா?”

“நான்தாங்க.”

கணவர் திரும்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மாவின் கண் தலையணைக்கு வந்தது. ஓரத்தில் அவளே தைத்திருந்த பச்சை நூல் தையல் அதில் இருந்தது. பம்பரம் அதை அவள் முதுகுக்கும் கட்டிலுக்கும் நடுவில் வைத்து, சரியாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஆட்கள் தள்ள ஆரம்பித்தார்கள். அவர் ஓடவில்லை, முந்தவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அடுத்தவர் வேகத்துக்கு, கட்டிலோடு கட்டிலாக, அந்தத் தலையணையை விடாமல் நடந்து உள்ளே போனார்.